வேட்டைநாயும் கால்வழிப் பதிவும்

(கரிசல் வட்டாரத்துக் கால்நடை வளர்ப்போர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசிப் பழகிய நம்மவர் நடுவில் நாயைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபொழுது, அழைத்தவர் விளையாட்டாகச் சொல்லுகின்றார் என்றே முதலில் எண்ணினேன். அவரோ, "ஐயா, நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள், எங்களுக்கு வேண்டியதை நாங்கள் எடுத்துக்கொள்கின்றோம்" என்றார். தூய்மை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அச்சொல்லை நாயின்மேல் ஏற்றி, உலகம் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக என்னென்ன செய்து பார்த்திருக்கின்றது என்பதை நாமும் அறிந்துகொள்வதில் இழப்பொன்றும் இல்லை.

என் பாட்டனார் கரிசற்காட்டு உழவர். எழுதப் படிக்க அறியார். ஆயினும், தாம் வளர்த்த சிப்பிப்பாறை நாயின் தாய் எது, அதன் தாய் எது, அஃது எவ்வூரில் எவர் தொழுவத்தில் ஈன்றது, தந்தை எவர் வீட்டு நாய், அந்நாய் எந்தக் கோடையில் எத்தனை முயல்களை மடக்கியது என்று ஐந்து தலைமுறை அளவும் மூச்சு விடாமல் சொல்லுவார். ஊரில் அவரைப்போல் நால்வர் ஐவர் இருந்தனர். ஒருவர் பிழைபடச் சொன்னால் மற்றவர் திருத்துவர். அதுவே எங்கள் ஊரின் கால்வழிப் பதிவேடு. அப்பதிவேட்டுக்குத் தேர்வுக்களம் காடு. ஓட்டத்தில் மூச்சிரைத்து நின்ற நாய்க்கும், கண் மங்கிய நாய்க்கும், கூப்பிட்ட குரல் கேளாத நாய்க்கும் தம் பெட்டையை இணைசேர்க்க எவரும் கொண்டுவாரார். நாய் வெள்ளையா, செவலையா, கருப்பா என்பது அதற்குப் பின்னர்தான்.

1972-இல் வந்த காட்டுயிர்க் காப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைக் குற்றமாக்கின. வேண்டிய சட்டமே, அதனை நான் குறைகூற வரவில்லை. ஆனால், காடு என்னும் தேர்வுக்களம் அடைபட்ட பின்னர் நாயைத் தேர்ந்தெடுக்க நம்மிடம் எஞ்சியவை யாவை? கண்ணுக்குத் தெரியும் நிறம், மூக்கின் செம்மை, வாலின் வளைவு. இவற்றோடு விற்பவர் கொடுக்கும் ஒரு தாள்.

அந்தத் தாளின் கதையைக் கேளுங்கள். 1873-இல் இலண்டனில் நாய்க்கழகம் ஒன்று தோன்றிற்று. அடுத்த ஆண்டே அதன் முதற் கால்வழிப் பதிவேடு அச்சேறியது. 1884-இல் அமெரிக்கர் தமக்கென ஒரு கழகம் கண்டனர். 1911-இல் ஐரோப்பியக் கழகங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின; அதன் தலைமையிடம் இன்று பெல்சியம் நாட்டுத் துயின் நகரில் உள்ளது. இவை யாவற்றுக்கும் அடிப்படை நெறி ஒன்றே: தாயும் தந்தையும் ஏட்டில் இருந்தால் குட்டியும் ஏட்டில் ஏறும், இல்லையேல் ஏறாது. மூன்று தலைமுறை முன்னோர் முழுமையாகப் பதிவாகியிருத்தல் வேண்டும் என்பது அக்கூட்டமைப்பின் அளவுகோல். முன்னோர் அறியப்படாத நாயைத் தேர்ந்த நடுவர் நேரிற் கண்டு, துணையேடு ஒன்றில் சேர்த்து, தலைமுறைகள் கடந்தபின் முதன்மை ஏட்டுக்கு உயர்த்தும் வழியும் அங்கு உண்டு. இவ்வழியை நம்மவர் பலர் அறியார், அறிந்தோரும் சொல்லுவதில்லை. பின்னர் இதற்குத் திரும்பி வருகின்றேன்.

பதிவேடு நாயைப் பார்த்து எழுதப்படுவதில்லை. நாயை உடையவர் சொல்லுவதைக் கேட்டு எழுதப்படுகின்றது. சொல்லுபவர் மெய்யராயின் ஏடும் மெய்யாகும். என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இராசபாளையம் குட்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பால்போல் வெள்ளை, செம்மூக்கு, உடன் அழகிய தாள். இரண்டு திங்கள் கழித்து, அடுக்களையில் செம்புக்குடம் உருண்டு விழுந்து வீடே அதிர்ந்தது. குட்டி அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டுப் பிறவிச் செவிடு என்றார். தாளில் தந்தையாகக் குறிக்கப்பட்ட நாயைத் தேடிக்கொண்டு போனேன். அதனை வளர்த்தவர் நல்லவர், மறைக்காமல் சொன்னார். அந்நாய் என் குட்டி பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோயிற்றாம்! இறந்த நாயும் தந்தையாகும் வியப்பைத் தாள் ஒன்றால்தான் செய்யமுடியும்.

இவ்விடத்தில்தான் மரபணு ஆய்வு துணைக்கு வருகின்றது. டி.என்.ஏ. என்று உலகம் சுருங்கச் சொல்லும் மரபிழை, உடலின் ஏறத்தாழ எல்லா உயிர்மங்களிலும் உள்ளது. நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தேய்த்தெடுத்தால் ஆய்வுக்குப் போதும், குருதி எடுக்கவேண்டியதில்லை. அவ்விழையில் நாய்க்கு நாய் வேறுபடும் குறியிடங்கள் சிலவற்றைத் தேர்ந்து படிக்கின்றனர். ஒவ்வொரு குறியிடத்திலும் குட்டிக்கு இரண்டு படிகள் உண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தாயிடத்தும் இல்லாத, தந்தை எனப்படும் நாயிடத்தும் இல்லாத படி குட்டியிடம் பல குறியிடங்களில் இருக்குமாயின், அந்த நாய் தந்தையன்று. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருத்தலும் நாயினத்தில் இயல்பு. "ஒரு வயிறு, மூன்று வீட்டுக் குட்டி" என்று என் பாட்டனார் நகையாடுவார். அதனையும் குட்டிவாரியாகப் பிரித்துச் சொல்ல இவ்வாய்வால் முடியும்.

அமெரிக்கக் கழகம் 2000-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு நெறி வகுத்தது. வாழ்நாளில் ஏழு ஈற்றுக்கோ, ஓர் ஆண்டில் மூன்றுக்கு மேற்பட்ட ஈற்றுக்கோ தந்தையாகும் ஆண்நாயின் மரபணு வரைவு கட்டாயம் பதிவாகியிருத்தல் வேண்டும் என்பது அது. பிழை புகுந்தால் பெருகும் இடம் மிகுதியாகப் பயன்படும் ஆண்நாயே ஆகலின், அங்குக் காவல் வைத்தனர். நல்ல நெறி.

ஆயினும் இவ்வாய்வைப் பற்றி ஒரு மயக்கம் பரவியுள்ளது. "மரபணு ஆய்வு செய்த தூய இன நாய்" என்று விளம்பரம் செய்கின்றனர். பெற்றோர் இவர் என்று காட்டும் ஆய்வு, இனத்தூய்மையைக் காட்டும் ஆய்வன்று. அமெரிக்கக் கழகமே இதனைச் சொல்லியுள்ளது. பொய்யாக ஏடேறிய இரண்டு நாய்களுக்கு மெய்யாகவே பிறந்த குட்டியை ஆய்ந்தால், "இவையே பெற்றோர்" என்றுதான் விடை வரும். ஏட்டின் முதல் வரியிலுள்ள பிழையை இது திருத்தாது. அன்றியும், பெற்றோர் யாரெனத் தெளிந்துவிட்டால் நாய் நலமுடையது என்றும் ஆகிவிடாது.

அதற்குப் பசெஞ்சி என்னும் ஆப்பிரிக்க வேட்டைநாயின் வரலாற்றை விரித்துச் சொல்லவேண்டும். காங்கோ நாட்டுக் காடுகளில், கழுத்தில் ஒலிகருவி கட்டி, புதரிலிருந்து விலங்குகளை வலைக்குள் விரட்ட வளர்க்கப்பட்ட நாய் அது. குரைப்பு மிக அரிது. அதனாலேயே கழுத்தில் ஒலிகருவி. 1930-களிலும் 40-களிலும் சில நாய்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. அச்சிலவற்றின் வழிவந்தவை மட்டுமே ஏட்டில் ஏறின; பின்னர் ஏடு மூடப்பட்டது. தாள்வழியே பார்த்தால் மறுவற்ற தூய்மை! ஆனால் உள்ளே ஒரு நோய் பெருகிக்கொண்டிருந்தது. பான்கோனி நோய் என்பது அதன் பெயர். உடல் மீட்டுக்கொள்ளவேண்டிய சருக்கரையையும் உப்புகளையும் சிறுநீரகம் மீட்காமல் சிறுநீரோடு போக்கிவிடும். நாய் நீரைக் குடித்துக்கொண்டே மெலியும். இந்நோய் பெரும்பாலும் நான்கு அகவைக்கு மேல்தான் வெளிப்படும். அதற்குள் அந்நாய் இரண்டு மூன்று ஈற்றுக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். எத்துணைக் கூர்த்த கண்ணுடைய வளர்ப்பாளராலும் இளமையில் இதனைக் கண்டுபிடித்தல் அரிது.

அவ்வினத்தை வளர்த்தோரில் சிலர் செய்த செயல் என்னை வியக்கவைத்தது. 1987-லும் 1988-லும் அவர்கள் மீண்டும் அக்காட்டுக்கே சென்றனர். அன்று சயிர் என வழங்கிய நாடு அது. இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு. எந்தத் தாளும் இல்லாத, ஊரார் வளர்த்த வேட்டைநாய்களைத் தேர்ந்து கொண்டுவந்தனர். 1990-இல் அமெரிக்கக் கழகம் மூடிய ஏட்டைத் திறந்து, அவற்றுள் 14 நாய்களைச் சேர்த்துக்கொண்டது. புலிவரி நிறம் அமெரிக்கப் பசெஞ்சி ஏட்டுக்கு அவற்றோடுதான் வந்தது. பின்னர் 2009 முதல் 2013 வரை மீண்டும் ஏடு திறந்திருந்தது. இதற்கிடையே 2007-இல் நோயின் அடையாளத்தைக் காட்டும் மரபணு ஆய்வும், 2011-இல் நோய்தரும் மரபணுவையே நேராகக் காட்டும் ஆய்வும் வந்தன.

அவ்வாய்வை அவர்கள் பயன்படுத்திய முறையையும் கவனியுங்கள். நோய்ப்படி இரண்டும் கூடினால்தான் அந்நாய்க்கு நோய் வரும்; ஒன்று மட்டும் உடையது நோயைச் சுமக்குமேயன்றி நோயுறாது. சுமக்கும் நாய் ஒவ்வொன்றையும் ஒதுக்கித் தள்ளியிருந்தால், ஏற்கெனவே சிறிய அவ்வினம் மேலும் சுருங்கி, வேறொரு நோய்க்கு இரையாகியிருக்கும். அதனால் சுமக்கும் நாயை நோய்ப்படி இல்லாத நாயோடு மட்டும் இணைசேர்த்தனர். அவ்வழி நோயுற்ற குட்டி ஒன்றும் பிறவாது. நாயும் இழக்கப்படவில்லை, அது தாங்கிய பிற நற்பண்புகளும் இழக்கப்படவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இதனைச் சொல்ல எனக்கு நாணமாகவே இருக்கின்றது; ஆயினும் சொல்லுகின்றேன். எனக்கு ஒன்பது பத்து அகவை இருக்கும். எங்கள் உறவினர் வீட்டில் இராசபாளையம் நாய் ஏழு குட்டிகள் ஈன்றது. ஐந்து வெள்ளை. ஒன்றில் செவலைத் திட்டு, ஒன்று கருப்பு. அவ்விரண்டையும் ஒரு கூடையில் இட்டு என் கையில் கொடுத்து, கிணற்றுக்கு அனுப்பினர். "வெள்ளையல்லாதது கலப்பு" என்றனர். நான் செய்துவிட்டு வந்தேன். அன்று அதனைத் தவறென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. இவ்வழக்கம் அவ்வினத்தை வளர்த்தோர் பலரிடம் இருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள்.

செவலையும் கருப்பும் கலப்பினால் மட்டும் வருவன அல்ல. வெண்மை அவற்றை மேலே மூடியிருந்தது, அவ்வளவே. தோலுக்கு நிறந்தரும் உயிர்மங்கள் செவியின் உட்பகுதியிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கு இல்லையேல் பிறந்த சில கிழமைகளிலேயே செவி செயலிழக்கின்றது. வெண்மை மிகுந்த நாயினங்கள் பலவற்றில் பிறவிச் செவிடு காணப்படுவது இக்கரணியத்தால்தான். தாலுமேசியனில் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். வெண்மையொடு வரும் இச்செவிட்டை முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் மரபணு ஆய்வு இன்னும் இல்லை. ஆனால், காதருகே ஒலியெழுப்பி, மூளையில் எழும் மின்துடிப்பை அளக்கும் ஆய்வு உண்டு. ஒருபுறச் செவிடும் அதில் தெரிந்துவிடும். கிணற்றில் போட்ட அக்கருப்புக் குட்டி, என் வீட்டு வெள்ளைக் குட்டிக்குச் செவி தந்திருக்கக்கூடிய கால்வழியோ என்னவோ! அதனை இனி யார் அறிவார்?

கர்னாலில் உள்ள இந்திய அரசின் விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நாட்டு இனங்களாகப் பதிவு செய்துள்ளது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. 2005-இல் அஞ்சல்தலையிலும் இராசபாளையம் இடம்பெற்றது. ஆயின் இனத்தைப் பதிவது வேறு. அவ்வினத்தின் ஒவ்வொரு நாயையும் கால்வழியோடு பதிவது வேறு. இரண்டாவது பணி நம்முடையது. கோம்பைக்கும் கன்னிக்கும் அதுவே. கன்னியும் சிப்பிப்பாறையும் ஓரினமா ஈரினமா என்று நிறத்தை வைத்து வளர்ப்போர் இன்றும் வழக்காடுகின்றனர். பதிவேடும் மரபணு வரைவும் சில தலைமுறை தொடர்ந்து வந்தால் அவ்வழக்குக்குத் தெளிவு பிறக்கும். உரக்கப் பேசுவதால் பிறவாது.

ஆகலின் வட்டாரந்தோறும் ஏடு தொடங்குங்கள் என்று கேட்கின்றேன். நிறம் எதுவாயினும் பிறந்த குட்டி அனைத்தையும் எழுதுங்கள், இறந்ததையும் எழுதுங்கள், செவிட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். 2017-இல் வந்த நாய்வளர்ப்பு நெறிகள் வளர்ப்போர் பதிவையும் தோலுக்கடியில் வைக்கும் நுண்சில்லையும் ஏற்கெனவே கேட்கின்றன. அச்சில்லின் எண்ணை ஏட்டில் ஏற்றினால், இறந்த நாய் தந்தையாக முடியாது. ஆண்நாய்களிடமிருந்து மரபணு ஆய்வைத் தொடங்கலாம். எல்லா நாய்க்கும் ஒருங்கே செய்யச் செலவு தாங்காது. ஏட்டை ஒருபோதும் முழுமையாக மூடிவிடாதீர்கள். ஆட்டுக்கிடையோடு திரியும் தாளில்லா நாயைத் தேர்ந்தோர் மூவர் கண்டு துணையேட்டில் சேர்க்கட்டும். முயலுக்கு மாறாக, கயிற்றில் இழுபடும் துணிப்பொதியைத் துரத்தவிட்டு ஓட்டத்தைப் பார்க்கலாம். மேலைநாட்டார் அவ்வாறே செய்கின்றனர். என் பாட்டனார் நகைப்பார். ஆனாலும் ஒரு கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

சென்ற திங்கள் என் வீட்டுப் பெட்டை ஐந்து குட்டிகள் ஈன்றது. மூன்று வெள்ளை, ஒன்றில் செவலைத் திட்டு, ஒன்று முழுக்கருப்பு. ஐந்தையும் எழுதிவிட்டேன். கருப்புக் குட்டிதான் கையைத் தட்டினால் முதலில் திரும்புகின்றது. எட்டுக் கிழமை நிறைவதற்குள் தாயைப் பிரித்துக் கொடுத்தல் நெறியன்று. அதன்பின் வளர்க்க விரும்புவோர் வந்து ஏட்டில் பெயர் எழுதி எடுத்துச் செல்லலாம். கருப்பை மட்டும் கேளாதீர்கள். அஃது என்னோடு இருக்கும்.