செவிலியர் கல்வியின் மூன்று படிகள்



இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம் முதலிய கடற்கரை ஊர்களில் வீடுதோறும் சென்று, கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தை அளந்து, குழந்தைக்குத் தடுப்பூசி தவறாமல் கிடைக்கச் செய்யும் கிராம சுகாதாரச் செவிலியரின் சேவைக்கு அஸ்திவாரமாய் நிற்பது 2 ஆண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி. ஆஸ்பத்திரிப் படுக்கையருகே இரவும் பகலும் நோயாளியைப் பேணும் திறமையைத் தருவது 3 ஆண்டுப் பட்டயப் படிப்பு. நோயின் காரணத்தை ஆராய்ந்து, அபாயத்தின் முதல் அறிகுறியை உணர்ந்து நிதானிக்கும் விவேகத்தை ஆழப்படுத்துவது 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. அது வேலூரில் 1946-லேயே தொடங்கிற்று.

ஐரோப்பாவின் 9 நாடுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வொன்று, பட்டம் பெற்ற செவிலியரின் விகிதம் 10 சதவீதம் கூடுமிடத்து, சத்திர சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்ததாகக் கண்டது.

ஆயினும், கடலோர மக்களின் பேச்சையும் வாழ்வையும் அறிந்த அனுபவ ஞானம் எந்தப் பட்டத்துக்கும் தாழ்ந்ததன்று. ஆகவே, 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி பெற்ற இராமநாதபுரத்தில், முதற்படியில் நிற்கும் சகோதரிகளும் மேற்படிப்புக்கு ஏற நாம் துணை நிற்போமாக!