தெரியாது என்று உணர்ந்த நாள்

(சிட்லபாக்கத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இன்று விழா நடைபெறும் இச்சிட்லபாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. சென்னை நகரம் தெற்கு நோக்கிப் பரவியபோது வயல்கள் மனைகளாயின. ஏரி சுருங்கியது, கழிவுநீரும் குப்பையும் அதிற் சேர்ந்தன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையின்போது தாம்பரம், முடிச்சூர், சிட்லபாக்கம் முதலிய பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நாள்களை நேரிற் கண்டோர் இந்த அவையிலும் பலர் இருப்பர்.

வெள்ளம் வடிந்தபின் நிகழ்ந்தவை சிந்திக்கத் தக்கவை. எல்லார் வீட்டுக்கும் வந்தது ஒரே தண்ணீர்தான். சிலர் தம் வீட்டு வாசற்படியை மட்டும் உயர்த்திக் கட்டிக்கொண்டனர். அடுத்த மழையில் அந்நீர் அண்டை வீட்டுக்குப் போகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வேறு சிலரோ, இந்நீர் முன்பு எவ்வழியே சென்றது, அவ்வழி எப்படி அடைபட்டது, அங்கே கிடக்கும் குப்பையில் தம் வீட்டுக் குப்பையும் உண்டோ என்று வினவினர். அவ்வாறு வினவியோரே ஏரிக்கரையிற் கூடித் தம் கைகளால் குப்பை அகற்றினர், இடைவிடாது முறையிட்டனர், பின்னர் அரசின் சீரமைப்புப் பணியும் நடந்தேறியது.

பட்டவர் அனைவரும் கற்றவர் ஆவதில்லை என்பதற்கு இதனினும் அருகில் சான்று தேட வேண்டுவதில்லை. துன்பம் எல்லார்க்கும் வருகிறது. ஆண்டுகளும் எல்லார்க்கும் கழிகின்றன. நேர்ந்ததில் தன் பங்கு யாது, தான் அறியாதது யாது என்று கேட்பவனுக்கே அனுபவம் பாடமாகிறது. அறநூலோர் வகுத்த ஆறு ஆவசியகங்களில் பிரதிக்கிரமணம் இடம்பெற்றிருப்பது இதன் பொருட்டே எனலாம். கடந்த நாளைத் திரும்பி நோக்கித் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் அப்பயிற்சி, வாழ்வைப் பள்ளிக்கூடமாக்கும் பயிற்சியாகும்.

இவ்வுண்மையைத் தமிழில் எடுத்துக்காட்டிய பெருநூல் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணி. பதின்மூன்று இலம்பகங்களைக் கொண்ட அக்காப்பியத்தில் மணங்கள் பல நிகழ்வதால் அதனை மணநூல் என்று கூறுவர். ஆயினும் அது சென்று சேரும் இடம் முத்தி இலம்பகம். சீவகன் சுடுகாட்டிற் பிறந்தவன். வணிகர் மனையில் வளர்ந்தவன். கலைகள் அனைத்தும் கற்றவன். தந்தையைக் கொன்று நாட்டைக் கவர்ந்த கட்டியங்காரனைப் போரில் வென்று தன் அரசை மீட்டவன். அவன் வாழ்வில் அனுபவங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவனுக்கு மெய்யறிவு பிறந்தது போர்க்களத்திலும் அன்று, அரியணையிலும் அன்று, ஒரு சோலையிலேதான்.

தேவியருடன் சோலைக்குச் சென்ற சீவகன் அங்கே குரங்குகளைக் காண்கிறான். ஊடியிருந்த மந்தியின் சினம் தணிக்க ஆண் குரங்கு ஒரு பலாப்பழத்தைக் கொடுக்கிறது. அந்நேரத்தில் சோலைக் காவலன் வந்து குரங்குகளை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். சோலைகளில் அன்றாடம் நிகழ்வதுதான் இது. காவலனுக்கு ஒரு பழம் கிடைத்தது. குரங்குக்கு ஒரு பழம் போயிற்று. உடனிருந்தோர்க்கு அது ஒரு வேடிக்கையாக இருந்திருக்கலாம். சீவகனுக்கோ அது தன் வரலாறாகத் தெரிந்தது. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனை ஒத்தது. பறித்தவன் தன்னையே ஒத்தான் என்று எண்ணினான்.

இந்த எண்ணத்தை ஊன்றி நோக்க வேண்டும். சீவகன் மீட்டது தன் தந்தையின் நாடு. அவன் செய்த போர் நீதியான போர் என்று உலகம் புகழ்ந்தது. பறிகொடுத்த குரங்கின் இடத்திலே தன்னை வைத்துப் பார்க்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. தன்னைத் துன்புற்றவனாக எண்ணிக்கொள்வது எவர்க்கும் எளிது. அவன் தன்னைப் பறித்தவனாகக் கண்டான். இன்று தன் கையில் உள்ள பழம் நாளை மற்றொருவன் கைக்குப் போகும் என்பதையும் உடன் கண்டான். நற்காட்சி என்று பெரியோர் கூறும் முதல் மணியின் ஒளி அங்கே தெரிகிறது. அரசைத் துறக்கும் துணிவு அக்காட்சியிலிருந்து பிறந்தது.

இனி, அந்நூலைக் கற்க முயன்றோரின் வாழ்விலும் இதே பாடம் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை வகுத்தவர். அவரைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்கி வருகிறது. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை. சமயக் கருத்துகள் அதில் சரிவர விளங்கவில்லை என்றனர். புகழ் பெற்ற உரையாசிரியர் அதனைக் கேட்டுச் சினந்து விலகவில்லை. சித்தாமூருக்குச் சென்று, அங்கிருந்த சமணரிடம் நூல்களைக் கற்று, உரையை மீண்டும் எழுதினார் என்பர். இன்று கற்றோர் போற்றும் உரை அவ்வாறு திருத்தி எழுதப்பட்ட உரையே என்பது அச்செய்தி.

பல நூற்றாண்டுகள் கழிந்து, கும்பகோணத்தில் மற்றொருவர் அதே வாயிலில் வந்து நின்றார். அவர் உத்தமதானபுரம் சாமிநாதையர். 1855ஆம் ஆண்டு பிறந்தவர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர்; இருபத்தைந்து வயதில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அதனைப் படித்ததில்லை.

கற்றவன் என்று ஊரார் மதிக்கும் ஒருவன் அவ்வேளையில் செய்யக்கூடியவை பல. அந்நூல் தம் சமயத்தைச் சேர்ந்ததன்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். தமிழாசிரியரிடம் ஒரு முன்சீபு கேள்வி கேட்பதா என்று மனத்துக்குள் புழுங்கியிருக்கலாம். ஐயர் அவற்றைச் செய்யவில்லை. தாம் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நூல் கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். வாழ்வின் போக்கை மாற்றிய அந்த நாளை ஐயர் தம் முதுமையிலும் மறக்கவில்லை. தம் வரலாற்றில் நாள் குறித்தே எழுதி வைத்தார்.

பிரதி கைக்கு வந்ததும் எல்லாம் விளங்கிவிடவில்லை. காப்பியத்தின் முதற் செய்யுளே சித்தர் வணக்கம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்குச் சமணத்தின் சொற்களும் கருத்துகளும் புதியன. தமிழ் இலக்கணம் முழுதும் அறிந்திருந்தும் நூலின் பொருள் பிடிபடவில்லை. கற்பிக்கும் ஆசிரியரையும் காணவில்லை. அப்போது மாணவர் ஒருவர், தம் வீட்டின் அருகே சமணர் வாழ்கின்றனர் என்று தெரிவித்தார். கல்லூரி ஆசிரியர் தம் மாணவருடன் அவ்வீட்டைத் தேடிச் சென்றார்.

அந்த வீட்டில் அன்று விழாக் கோலம் காணப்பட்டது. யாதேனும் திருமணமோ, பண்டிகையோ என்று ஐயர் வினவினார். மாதக்கணக்காக நடந்துவந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவெய்தியதாக விடை கிடைத்தது. எங்கும் ஆசிரியர் இல்லை என்று ஐயர் ஏங்கிய நூலை ஒரு குடும்பத்தினர் தம் இல்லத்தில் அமர்ந்து படித்து, பொருள் கேட்டு, நிறைவு நாளைத் திருநாளாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர்!  வீடூர் அப்பாசாமி நயினாரும் சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களும் ஐயரின் ஐயங்களைத் தீர்த்து உதவினர். ஏழாண்டு உழைப்பின் பின், 1887ஆம் ஆண்டு சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வெளிவந்தது.

அந்நூலுடன் அவர் கற்பது நின்றுவிடவில்லை. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார். சிந்தாமணியின் அடுத்தடுத்த பதிப்புகளில் முன்னவற்றைத் திருத்தியும் பெருக்கியும் வெளியிட்டார். தம் பிழையைத் தாமே தேடித் திருத்தும் அவ்வழக்கம் 1942இல் மறையும் வரை அவரை விட்டு நீங்கவில்லை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் வீடுபேற்றுக்கு உரியவை. அவற்றின் வரிசை உலக வாழ்வில் கற்பதற்கும் பொருந்துவதை இங்கே காணலாம். தன் குறையைக் காண்பது முதற்படி. அறிந்தோரை அடைந்து கேட்பது இரண்டாம் படி. கேட்டபடி நடந்து நாள்தோறும் திருத்திக்கொள்வது மூன்றாம் படி. முதற்படியில் கால் வையாதவர்க்கு எழுபது ஆண்டு அனுபவமும் ஒரே ஆண்டை எழுபது முறை வாழ்ந்ததாகவே முடியும்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இயல்பாகவே பெருமிதம் எழும். அப்பெருமிதத்தில் தவறில்லை. எனினும் இதே வரலாறு ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. அன்று ஐயர் தட்டியது ஒரு மடத்தின் கதவன்று. ஒரு வீட்டின் கதவு. கதவு திறந்தபோது உள்ளே படிப்போரும் பொருள் சொல்வோரும் இருந்தனர். இன்று அத்தகைய ஒருவர் சிட்லபாக்கத்திலோ, தாம்பரத்திலோ, குரோம்பேட்டையிலோ ஒரு தமிழ்ச் சமண இல்லத்தின் அழைப்பு மணியை அழுத்தினால், அவருடைய ஐயத்துக்கு யார் விடை கூறுவர்?

வந்தவாசிப் பகுதியிலிருந்தும், திண்டிவனம், ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் கல்விக்காகவும் பணிக்காகவும் குடிபெயர்ந்து வந்த குடும்பங்கள் பல. ஊரில் ஜினாலயத் திண்ணையில் அமர்ந்து புராணம் கேட்டு வளர்ந்த பாட்டிமார்கள் இன்று அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வாழ்கின்றனர். பொழுது சாய்வதற்குள் உணவு முடித்து, மணிமாலையைக் கையில் எடுக்கும் அவர்களிடம், ஏன் இப்படி என்று பேரப்பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்டாலும், ஆயாவுக்கு அது பழக்கம் என்று பெற்றோர் முந்திக்கொண்டு விடை கூறிவிடுகின்றனர். பெற்றோர்க்கும் அதன் பொருள் தெரியாது. தெரியாது என்று பிள்ளைகள் முன் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்திலே ஒரு தலைமுறையின் அறிவு அடைபட்டுப் போகிறது. வழி அடைபட்ட நீர் என்ன செய்யும் என்பது இவ்வூரார்க்குத் தெரியாததன்று.

இதற்குப் பெருஞ்செலவோ, பெரிய திட்டமோ வேண்டியதில்லை. பிள்ளை கேட்கும்போது, "எனக்கும் தெரியாது, வா, ஆயாவைக் கேட்போம்" என்று ஒரு தந்தை சொன்னால் போதும். அச்சொல்லில் மூன்று தலைமுறைகள் ஒன்றாக அமர்கின்றன. வாரம் ஒருநாள் ஒரு செய்யுளைப் படித்துப் பொருள் கேட்கலாம். மூத்தோர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து வைக்கலாம். ஓராண்டில் ஒரு நூல் நிறைவுறும்; நிறைவு நாளில் வாசலில் கோலமிட்டு விழா எடுக்கலாம். வழியிற் செல்பவர், வீட்டில் திருமணமா என்று கேட்கும் நாள் மீண்டும் வரட்டும்.

இளைஞர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுதல் நலம். தேர்வில் தோல்வி, பணியிற் பின்னடைவு, நட்பில் விரிசல் ஆகியவை வரும்போது வாசற்படியை மட்டும் உயர்த்திக்கொள்ளும் எண்ணம் முதலில் தோன்றும். அவ்வேளையில் சோலையில் நின்ற சீவகனை நினைக்கலாம். இதில் தன் பங்கு யாது என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அறிந்தவர் ஒருவரைத் தேடிச் செல்லலாம். அவர் வயதிற் சிறியவராக இருப்பினும், வேறு துறையினராக இருப்பினும் குறைவில்லை. தம் மாணவர் வழிகாட்ட நடந்து சென்ற ஆசிரியரையே தமிழுலகம் தமிழ்த் தாத்தா என்று போற்றுகிறது.

மானம் என்னும் கசாயம் தணிந்த உள்ளத்தில் அறிவு தங்கும். அத்தகைய உள்ளம் ஒவ்வோர் இல்லத்திலும் மலர்க! கேட்பவர்க்குக் கதவு திறக்கும் குடும்பங்களாகத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் என்றும் திகழ்க! அறம் வாழ்க! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!