காரின் வால்



என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். காற்றுத் தடை குறைய வேண்டுமானால் கார் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் வரையச் சொன்னேன். எல்லாரும் அம்பு போலக் கூர்மூக்கு வரைந்தார்கள். ஒரு மாணவி மட்டும் மீனைப் போல முன்புறம் உருண்டையாக, பின்புறம் ஒடுங்கலாக வரைந்திருந்தாள். “திருப்பிப் போட்டுட்டியேம்மா” என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் படித்தபோதுதான் உறைத்தது. உருண்டை முகப்பில் காற்று எளிதாக விலகிவிடும். பின்னால் மறுபடி ஒன்றுசேர்வதுதான் பாடு. உடல் திடீரென முடிந்தால் காற்று பிரிந்து சுழலும். அங்கே அழுத்தம் குறைவதால் வண்டி பின்னோக்கி இழுபடும். வேகம் இரு மடங்கானால் இந்தத் தடை நான்கு மடங்கு.

எட்மண்ட் ரும்ப்ளர் 1921இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த நீர்த்துளிக் காரும் அவள் படத்தைப் போன்றதே. 1979இல் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். தடைக் குணகம் 0.28. இன்றைய கார்கள் பலவற்றுக்கே அது எட்டாது!

மறுநாள் எரியும் மெழுகுவர்த்திக்கு முன் ஓர் அட்டையை நிறுத்தி, அவளையே ஊதச் சொன்னேன். சுடர் விலகவில்லை, அட்டையை நோக்கிச் சாய்ந்தது. அட்டையை எடுத்துவிட்டு உருண்டைப் பாட்டிலை வைத்தோம். காற்று அதைத் தழுவிச் சுற்றிவந்து சுடரை அணைத்தது.

வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணைத் திருத்தினேன். அவள் விடவில்லை: “அப்ப நம்ம டவுன் பஸ் ஏன் சார் பின்னாடி தட்டையா இருக்கு?”

“வாலில் யார் உட்காருவது?” என்றேன். பின்வரிசைப் பையன்கள் கைதூக்கினார்கள்.