தூக்கத்தைப் பறிகொடுக்கலாமா?

(பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தச் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 8 மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் தர மாட்டோம் என்று முதலாளியிடம் நின்ற நாம், செல்போனுக்கு எத்தனை மணி கொடுக்கிறோம்?

கணக்குப் போடுவோம். தினம் 3 மணி நேரம் வீடியோ பார்த்தால் மாதம் 90 மணி. 11 ஷிப்டுக்கு மேல் ஆகிறது! கூலியில்லாத ஷிப்டு. டேட்டாவுக்குக் காசும் நம்முடையதுதான்.

"சும்மா பொழுது போகிறது, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பீர்கள். யாருக்கு லாபம் என்று கேளுங்கள். யூடியூபைக் கூகுள் கம்பெனி 2006-இல் 165 கோடி டாலருக்கு வாங்கியது. நமக்கு இலவசமாகப் படம் காட்டும் தருமத்துக்காகவா? நம் கண் திரையில் இருக்கும் நேரம் விளம்பரக்காரனுக்கு விற்கப்படுகிறது. அதனால்தான் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. தள்ளத் தள்ள முடிவு வராத பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கினே பிற்பாடு அதற்கு வருத்தம் தெரிவித்தார். நெட்பிளிக்ஸ் தலைவராயிருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டி தூக்கத்தோடுதான் என்று 2017-இல் சொன்னார். ஒளிவுமறைவில்லாத பேச்சு!

வளர்ந்தவருக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். 4 மணி தூங்கிவிட்டு ரிங் ஃபிரேமில் அறுந்த நூலைப் பிணைக்கும் விரல் என்ன ஆகும்? விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போகும் பெண்ணுக்கு வயலில் தலை சுற்றாதா?

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மழைச் செய்தி, நெல் விலை, சங்கத் தகவல் எல்லாம் அதில்தான் வருகின்றன. படுக்கிற இடத்தில் மட்டும் அது வேண்டாம். அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். ஒரே அறை வீடானால் கை எட்டாத அலமாரியில் வையுங்கள். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் போதும். தானாக ஓடுவதை நிறுத்தும் பொத்தான் யூடியூபில் வீடியோவின் மேலேயே இருக்கிறது; அணைத்து விடுங்கள். ஒரேயடியாக விடுகிறேன் என்று சபதம் செய்ய வேண்டாம். இந்த வாரம் அரை மணி குறையட்டும், அடுத்த வாரம் இன்னொரு அரை மணி.

அலுத்து வருகிறவனிடம் புத்தகம் படி என்று உபதேசிப்பது சுலபம். முதலில் அவன் தூங்கட்டும்! மிஞ்சிய நேரத்தில் கபடி ஆடலாம், பிள்ளையின் பாடத்தைக் கேட்கலாம். ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் திண்ணையில் வீடியோ பார்க்கும்போது, அதே ஷிப்டு முடித்து வந்த உங்கள் மனைவி அடுப்படியில் நிற்கிறாள். அந்த அரை மணியில் காய் நறுக்கிக் கொடுத்தால் இருவருமே சீக்கிரம் படுக்கலாம்.

எவ்வளவு நேரம் பார்த்தோம் என்ற கணக்கைப் போனே அதன் செட்டிங்கில் காட்டுகிறது. தெரியாதவருக்கு இளைஞர்கள் இன்றே எடுத்துக் காட்டட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவரவர் கணக்கைக் குறித்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.