கறிவேப்பிலையை ஒதுக்கலாமா?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நண்பகல் நாம் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு மகிழ்ந்தோம். உண்டெழுந்தபின் யாம் சற்றே பின்தங்கி நின்று இலைகளை நோக்கினோம். ஏறக்குறைய ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் கறிவேப்பிலை ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. எம் இலையிலும் அவ்வாறே கிடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவ்விலைகளே முன்னுரை கூறின.

வேலை முடியுமளவும் பயன்படுத்திப் பின்னர்க் கைவிடப்பட்டவனைக் 'கறிவேப்பிலை' என்று உலகம் வழங்கும். அவ்வழக்கு அவ்விலையின் குற்றமன்று, நம் குற்றமே. பண்டைத் தமிழர் அதனை ஒதுக்கியதாகத் தெரியவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், பாணனுக்குப் படைக்கும் விருந்தில் மாதுளங்காயோடு மிளகும் கஞ்சகமும் கலந்து சமைத்த கறி பேசப்படுகிறது. கஞ்சகமாவது கறிவேம்பு. மேலைநாட்டாரும் இதனை நம் மண்ணிலேயே அறிந்தனர். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பாரின் பெயரையே, செடிகொடிகளை வகுத்த லின்னேயசு 1771இல் இம்மரத்திற்குச் சூட்டினார்.

இனி இதன் பயனை நோக்குவோம். குன்னூரில் தோன்றி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கும் நிலையத்தார் நம் உணவுப்பொருள்களை அளந்து அட்டவணை வகுத்துள்ளனர். அளவுகள் பதிப்புக்குப் பதிப்புச் சிறிது மாறினும், 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமே உண்டு. கண்ணொளிக்கு வேண்டிய ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறும் கரோட்டினும் இவ்விலையில் மிகுதி.

இவ்விடத்துக் கணக்கறிந்து பேசுதல் வேண்டும். நாள்தோறும் எவரும் 100 கிராம் கறிவேப்பிலை உண்ணார். தாளிதத்தில் ஒருவர் பங்கிற்கு வருவது ஒன்றிரண்டு கிராமே. அதனையும் ஒதுக்கினால் மிஞ்சுவது மணம் ஒன்றே! துவையலாகவோ பொடியாகவோ அரைத்து 10 கிராம் இலை உண்பாருக்கு 60 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். இலையில் உள்ளது முழுதும் உடலிற் சேராதாயினும், வறிய குடும்பத்துக்கு அது சிறு வரவன்று.

கறிவேப்பிலை நீரிழிவைத் தீர்க்கும், நரையை மாற்றும் என்று கூறுவார் பலர். இவ்விலையிலுள்ள சில பொருள்கள் எலிகளின் குருதியிற் சர்க்கரையைக் குறைத்தமை ஆராய்ச்சியாளர் கண்டதே. ஆயினும் எலிக்கு ஊட்டிய சாறும் நாம் உண்ணும் துவையலும் ஒன்றல்ல. ஆதலின் இதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துதல் பெருந்தீங்காய் முடியும். இஃது உணவு, மருந்தன்று.

யாம் பணிபுரியும் பள்ளியில் சென்ற ஆண்டு காலை வழிபாட்டின்போது மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். குருதியைச் சோதித்தபோது 12 கிராம் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 8 கிராமே இருந்தது. அவள் இல்லத்திற்குச் சென்றோம். தாயின் முகம் மகள் முகத்தினும் வெளிறியிருந்தது. "ஆண்பிள்ளைகள் உண்டபின் இருப்பதை நானும் மகளும் உண்போம், ஐயா" என்றார் அவ்வம்மையார். அவர் வாசலில் கறிவேப்பிலை மரமொன்று தழைத்து நின்றது.

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. 2019–21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிரில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர். கறிவேப்பிலை ஒன்றே சோகையைத் தீர்க்கும் என்று யாம் கூறவில்லை. இலையிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது சிறிதே. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் உண்டால் சற்று மிகும். உணவோடு தேநீர் பருகினால் குறையும். சோகை உற்றவர் இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொற்படி உண்ணல் வேண்டும். பள்ளியில் தரும் மாத்திரையை எறிந்துவிடும் பெண்மக்களுக்கு அதன் அருமையைத் தாய்மார்களே உணர்த்துக.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இச்சபையின்முன் வைக்கிறோம். முதலாவது, வீடுதோறும் ஒரு கறிவேப்பிலை மரம் வளர்க. வேரிலிருந்து வெடிக்கும் கன்றைப் பெயர்த்து நட்டாலே போதும்; பழத்து விதையாயின் உலருமுன் ஊன்றுக. சந்தை இலைமீது தெளிக்கும் பூச்சிமருந்தின் அச்சமும் அதனால் நீங்கும். இரண்டாவது, நம் சங்கத்து மாணவர் விடுதியில் வாரம் இருமுறையேனும் கறிவேப்பிலைத் துவையலோ, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த பொடிச்சோறோ இடுக. எண்ணெய் சேர்ந்தாலன்றிக் கரோட்டின் உடலில் நன்கு சேராது.

மூன்றாவதே தலையாயது. இல்லத்தில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அமர்ந்து உண்க. அஃது இயலாத நாளில் பெண்மக்களின் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுக. குடும்பத்துக்கெல்லாம் மணமும் சுவையும் ஊட்டிவிட்டுத் தாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பவர் நம் தாய்மாரே அல்லரோ? இலையோரத்துக் கறிவேப்பிலையை நாம் உண்ணத் தொடங்கும் நாளிலேயே, அடுக்களையோரத்து அன்னையரையும் பந்தியின் நடுவே அமர்த்துவோமாக.