அரை மணி நேரத்தில் ஒரு குவாலிச் சமையல்



வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறோம். காலணியைக் கழற்றுவதற்குள், "அம்மா, பசிக்குது!" என்று பிள்ளையின் குரல் கேட்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எளிதாக வருபவை இரண்டு. ஒன்று, ஒட்டுக்கடையில் கட்டி வாங்கிய பொட்டலம். மற்றொன்று, பாக்கெட் மீ.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஏழு வயதில் என் மகன் கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு ஒரு சமையல், எங்களுக்கு ஒரு சமையல் என்று செய்து களைத்துப்போனேன். கடைசியில் பாக்கெட் மீயே அவனுக்கு வாடிக்கையாயிற்று. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் இருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த அளவில் பெரும்பங்கு ஒரே பொட்டல மசாலாத் தூளில் போய்விடக்கூடும் என்று அறிந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிள்ளைக்குத் தனிச் சமையல் தேவையில்லை என்பதே நான் கற்றுக்கொண்ட பாடம். ஒரே குவாலியில் குடும்பம் முழுவதற்கும் சமைக்கலாம். உறைப்பை மட்டும் கடைசியில் பிரித்துக்கொண்டால் போதும்.

நமது சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ. கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். இந்தக் கணக்கை நமக்குப் பழக்கமான மீஹூனிலேயே செய்து பார்ப்போம்.

நால்வருக்கு 200 கிராம் மீஹூனை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். ஊறும் நேரத்தில் இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பயற்றங்காய், ஒரு கட்டுக் கீரை ஆகியவற்றை நறுக்குங்கள். ஒரு கைப்பிடி நெத்திலியை அலசி, உப்பைக் குறைத்து, ஈரம் வடித்து, மொறுமொறுப்பாக வறுத்து எடுத்துவிடுங்கள். முள்ளோடு தின்னும் மீன் என்பதால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எண்ணெயில் மூன்று முட்டைகளைக் கிளறி எடுங்கள். பிறகு பூண்டு, வெங்காயம், கேரட், பயற்றங்காய் என்ற வரிசையில் வதக்குங்கள். மீஹூனையும், இரண்டு மேசைக்கரண்டி கிச்சாப்பையும், அரைக் கோப்பைத் தண்ணீரையும் சேர்த்துக் கிளறுங்கள். கிச்சாப்பிலேயே உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம். கீரை கடைசியில்தான், இரண்டு நிமிடம் போதும். முட்டையையும் நெத்திலியையும் மேலே தூவி இறக்குங்கள்.

பிள்ளைகளின் பங்கை எடுத்து வைத்த பிறகு, நமது பங்கில் சம்பாலைக் கலந்துகொள்ளலாம். எல்லார் தட்டிலும் சிறிது எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அது உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தாலோ அந்தச் சத்து சேர்வது குறைந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு பப்பாளி போதும்.

சரி, பிள்ளை சாப்பிடுவானா? அதற்கும் வழி உண்டு. கீரையை ஆய்ந்து கொடுக்கும் வேலையை அவனிடமே விடுங்கள். என் மகன் முதலில் தான் ஆய்ந்த இலைகளை எண்ணினான். பிறகு ஒன்றைச் சுவைத்தான்; துப்பினான். நான் திட்டவில்லை. அடுத்த வாரமும் அதே கீரை, அதே வேலை. ஒரு புதிய உணவைப் பத்து முறைக்கு மேலும் சுவைத்த பிறகே சில பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். வற்புறுத்தினால் வெறுப்புதான் வளரும். இன்று அவன் கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். பயற்றங்காயை மட்டும் இன்னும் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறான். ஒதுக்கட்டும், அதற்கும் ஒரு நாள் வரும்.

தந்தையரும் இந்த வேலையில் பங்குகொள்ளலாம். காய் நறுக்க ஒருவர், கிளற ஒருவர், கீரை ஆய ஒரு சிறுவன் என்று சேர்ந்தால், அரை மணி நேரத்தில் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் அல்லவா?

இன்று மாலையே முயன்று பாருங்கள்.