உடுப்பியிலிருந்து ஜோக் வரை

வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் தமிழருக்கு விடுமுறை என்றால் ஒரே பொருள்தான். அது ஊருக்குப் போவது. ஆண்டுக்கு ஒரு முறை ரயில் ஏறுகிறோம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, நிலத்துக் கணக்கு என்று பதினைந்து நாளும் கரைந்துவிடுகின்றன. திரும்பும்போது ஒரு டின் முறுக்கும் ஓர் ஊறுகாய் ஜாடியுமே மிச்சம். நான் டெல்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அத்தனை விடுமுறைகளும் எனக்கு இவ்வாறே கழிந்தன. 2022-இல் என் தாயார் காலமானார். மறு ஆண்டு, திருவையாற்றுக்கு அருகிலிருந்த எங்கள் வீட்டைச் சகோதரர்கள் கூடிப் பேசி விற்றுவிட்டோம். அவ்வாண்டு நவம்பரில் எனக்குப் பன்னிரண்டு நாள் விடுமுறை சேர்ந்திருந்தது. போவதற்கு ஊர் இல்லை.

என் மனைவி பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடம் அவளுக்குத் தாய்மொழி போல. "எங்கேயும் போகாமல் இந்தக் குவார்ட்டர்ஸிலேயே உட்கார்ந்திருப்பதற்கா லீவு? மலெநாட்டுக்குப் போவோம். நானும் பார்த்ததில்லை" என்றாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதிக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் மலெநாடு. நம் மலைநாடுதான் அது.

எங்களுடையது நடுத்தரக் குடும்பம். வாடகைக் கார் வைத்துக்கொண்டு மலை சுற்றும் வசதி இல்லை. ஆகவே ஒரு திட்டம் வகுத்தோம். கொங்கண் ரயில் பாதையில் உடுப்பி வரை செல்வது. அங்கிருந்து சாதாரண பஸ்களிலேயே ஏறி இறங்கி, ஜோக் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, தாளகுப்பாவில் மீண்டும் ரயில் ஏறுவது. அறைகளை முன்கூட்டிப் பதிவு செய்யவில்லை. ஆளுக்கு ஒரு தோள்பைக்கு மேல் சுமை இல்லை என்பது மட்டும் கண்டிப்பான விதி. பஸ்ஸில் பிரயாணம் செய்பவன் தன் மூட்டையைத் தானே மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் என்பதை நினைவில் வைத்தால் பாதிச் சாமான் வீட்டிலேயே நின்றுவிடும்.

உடுப்பியிலிருந்து ஆகும்பே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஹெப்ரியைக் கடந்து, சோமேசுவரம் என்னும் அடிவார ஊரை அடையும்வரை சாலை சமதரையாகவே செல்கிறது. அதன்பின் மலை எழுந்து நிற்கிறது. ஏறிச் செல்லும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீண்ட பஸ்கள் திரும்ப இயலாத வளைவுகள் ஆதலால் சிறிய பஸ்களே ஓடுகின்றன. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் சக்கரத்தை உடம்பு முழுவதையும் கொண்டு திருப்புகிறார். இருபுறமும் சோமேசுவரம் வனவிலங்குச் சரணாலயத்துக் காடு. பட்டப்பகலிலும் அந்திப்பொழுது போன்ற வெளிச்சம். சிங்கவால் குரங்குகள் இக்காட்டில் உண்டு. எங்கள் கண்ணில் பட்டவை சாதாரணக் குரங்குகளே.

ஆகும்பேயில் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டெல்லியில் பெய்வதைப்போல் இது ஏறக்குறைய பத்து மடங்கு. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. கடலிலிருந்து வரும் மேகங்களை முதலில் தடுத்து நிறுத்தும் மதில் இந்த மலை என்பதே காரணம். மழைக்குப் பின் போனால் காடு கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். ஆனால் நவம்பரிலும் ஈரத் தரையில் அட்டைகள் மிச்சம் இருந்தன. கன்னடத்தில் இதற்கு 'இம்பள' என்று பெயர் என்றாள் என் மனைவி. அரசாங்க ஊழியர்களாகிய நாம் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்லும் இன்னொரு சொல்லுக்கும் இதற்கும் உறவு இருக்குமோ என்று நான் சந்தேகம் எழுப்பினேன். சொல்லாராய்ச்சியாளர்கள் மன்னிக்கவேண்டும். இரத்தம் குடிப்பது என்னவோ இரண்டுக்கும் பொது. கடித்தால் பதறிப் பிடுங்கக்கூடாது. சிறிது உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

இராஜநாகங்கள் மிகுந்த காடு இது. அவற்றை ஆராய்வதற்கென 2005-இல் ரோமுலஸ் விட்டேகர் இங்கே ஒரு மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவரும் அவரே. ஆர். கே. நாராயணின் மால்குடிக் கதைகளை 1980-களில் ஷங்கர் நாக் தொலைக்காட்சிக்குப் படமாக்கியபோது இவ்வூரின் தெருவே மால்குடியாயிற்று. சென்னையில் பிறந்த ஒருவர் கற்பனை செய்த ஊருக்கு மலெநாட்டு ஓட்டு வீடுகள் உருவம் கொடுத்தன என்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று.

சிருங்கேரிக்கு அங்கிருந்து ஒரு மணிநேரப் பயணம். துங்கை நதியையும் பதினான்காம் நூற்றாண்டு வித்யாசங்கரர் கோயிலையும் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர், நான் விரிக்கவில்லை. சிக்கனமாகப் பிரயாணம் செய்பவர்களுக்கு ஒரு செய்தி மட்டும்: மடத்தில் வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவு இடுகிறார்கள். தரையில் வரிசையாக அமர்ந்து அந்தச் சாற்றையும் சோற்றையும் உண்டபோது, ஊர்க்கோயில் சமாராதனை நினைவுக்கு வந்தது.

தீர்த்தஹள்ளியில் ஓரிரவு. மறுநாள் குப்பளி. கன்னடத்தில் முதல் ஞானபீடப் பரிசு பெற்ற குவெம்பு வளர்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் கொண்ட பெரிய மலெநாட்டு இல்லம். மரப்படிகளில் ஏறி மாடி அறையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலும் முற்றம் உண்டு, அதாவது, இருந்தது.

பஸ்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அரசு பஸ்ஸை மக்கள் 'கெம்பு பஸ்' என்கிறார்கள். சிவப்பு பஸ் என்று பொருள். தனியார் பஸ்களும் ஏராளம். கால அட்டவணையை நம்புவதைவிட, பஸ் நிலையத்து டீக்கடைக்காரரைக் கேட்பது நல்லது. சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் பாக்கித் தொகையை எழுதிக் கொடுப்பார். இறங்கும்போது மறவாமல் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. 2023 ஜூனில் கர்நாடக அரசு அம்மாநிலப் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் இலவசப் பயணம் அளித்தது. பெங்களூரில் குடியிருக்கும் நம் தமிழ்ப் பெண்களுக்கும் இது பொருந்தும். டெல்லி முகவரி வைத்திருந்த என் மனைவி, பிறந்த மாநிலத்திலேயே டிக்கெட் வாங்க நேர்ந்ததே என்று வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டாள். அதற்கும் சேர்த்தே கணக்குச் சொல்கிறேன்: உடுப்பி முதல் தாளகுப்பா வரை, ஆறு இரவுகளுக்கு, தங்கும் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் உட்பட இருவருக்கும் 9,700 ரூபாய் ஆயிற்று. இதில் பஸ் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

சாகர நகரை அடைந்தபோது பாக்கு அறுவடை தொடங்கியிருந்தது. முற்றந்தோறும் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஜோக் செல்லுமுன் சராவதி நீர்த்தேக்கத்தைத் தாண்டி சிகந்தூர் அம்மன் கோயிலுக்குப் போய்வரலாம் என்றார் விடுதிக்காரர். கோயிலுக்காகவே புறப்பட்டோம். அக்கரைக்குச் செல்ல அப்போது பாலம் இல்லை. ஹொளெபாகிலு என்னும் துறையில் இறங்கி லாஞ்சில் ஏறவேண்டும். பாகிலு என்பது நம் வாயில். ஆற்றுவாயில் என்று அவ்வூருக்குப் பொருள். லாஞ்சு என்றால் சிறு படகு அன்று. பஸ், கார், மோட்டார் சைக்கிள், பால் கேன், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிச் செல்லும் மிதவை. பக்கத்தில் புதுப் பாலத்தின் தூண்கள் நீருக்குள்ளிருந்து எழுந்து நின்றன.

எங்கள் அருகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் நின்றிருந்தார். என் மனைவி வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தாள். "அஜ்ஜா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கன்னடத்தில் கேட்டாள். அவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். "அது எந்தப் பக்கம்?" என்றாள். அவர் லாஞ்சின் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, தண்ணீரைக் காட்டினார்.

"இங்கேதான், அம்மா. சற்று முன்னால் தாண்டினோமே, அந்த இடம்" என்றார்.

சராவதியின் குறுக்கே லிங்கனமக்கி அணை 1964-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் நிலத்தை அதன் நீர் மூடிற்று. முன்னரே கட்டப்பட்டிருந்த ஹிரேபாஸ்கர அணையும் அந்நீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றும்போது அதன் மதில் வெளியே தெரியுமாம். இந்த நீரால் இயங்கும் சராவதி மின்நிலையத்தின் திறன் 1,035 மெகாவாட். பெங்களூரின் ஆலைகளும் விளக்குகளும் வெகுகாலம் இதை நம்பியே இருந்தன. பெரியவருக்கு அப்போது பத்து, பதினொரு வயது. தகப்பனார் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் அடுக்கியதும், வாசற்கதவை நிலையோடு பெயர்த்து எடுத்ததும் நினைவிருப்பதாகச் சொன்னார். பாக்கு மரங்களை எடுத்துப்போக முடியவில்லை. குடும்பத்துக்குக் காட்டோரத்தில் நிலம் கொடுத்தார்கள். பட்டாவுக்கான மனுக்கள் அவர் மகன் காலத்திலும் தொடர்ந்தன. அக்கரையில் எஞ்சிய ஊர்களோ தீவுபோல் ஆகிவிட்டன. மாலையில் லாஞ்சு நின்றுவிட்டால், பிரசவ வேதனைக்காரியையும் சுற்றுவழியில் பல மணிநேரம் கொண்டு செல்லவேண்டும்.

"அதற்கு என்ன சொல்வார்கள் உங்கள் பாஷையில்?" என்று தொழில் புத்தியில் நான் கேட்டேன். "முளுகடெ" என்றார் அவர்.

நேயர்களே, ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது என் தொழில். அணைக்கட்டுத் திட்டங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்திருக்கின்றன. 'நீரில் மூழ்கும் பரப்பு, இத்தனை ஹெக்டேர்' என்று பேனா தானாகவே எழுதிவிடும். முளுகடெ என்றால் நம் முழுகுதல்தான். ஆயினும் அவர் அதைச் சொன்னபோது அது ஒரு பரப்பின் பெயராக ஒலிக்கவில்லை. ஒரு சாவுக்குத் தேதி சொல்வதுபோல் இருந்தது. இதே பெயரில் சாகரத்து எழுத்தாளர் நா. டிசோசா ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தேன். பொதுப்பணித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே, அத்திட்டத்தால் பெயர்ந்தவர்களின் கதையை எழுதியவர் அவர். 2025 ஜனவரியில் மறைந்தார். அவருடைய 'த்வீப' என்னும் இன்னொரு நாவலை கிரீஷ் காசரவள்ளி 2002-இல் படமாக்கினார். அது சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது.

ஜோக்கை மறுநாள் கண்டோம். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகள். 253 மீட்டர் ஆழத்துக்கு விழுகின்றன. அழகில் குறைவில்லை. ஆனால் மேலே அணை இருப்பதால் நீர் எப்போதும் ஒரே அளவு வருவதில்லை. நாங்கள் சென்ற அன்று ராணி மெலிந்திருந்தாள். பஞ்சாபிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார், இவ்வளவுதானா என்று ஏமாற்றம் அடைந்தனர். எனக்கு அந்த நீர் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்திருந்தது.

டெல்லி திரும்பிய சில வாரங்களில் வேறொரு நதித்திட்டம் பற்றிய கோப்பு வந்தது. நான் 'நீரில் மூழ்கும் ஊர்கள்' என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சுழித்து, "மூலத்தில் ஊர் இல்லையே, பரப்பு என்றல்லவா இருக்கிறது?" என்றார். விதிப்படி அவர் சொன்னதே சரி, மாற்றிவிட்டேன். இணைப்பில் ஊர்ப் பெயர்களின் நீண்ட அட்டவணை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் ஆங்கில எழுத்தைப் பார்த்து, லகரமோ ளகரமோ என்று கவலைப்படாமல் எழுதித் தள்ளிவிடுவேன். இம்முறை அப்பகுதி ஆட்களைத் தொலைபேசியில் தேடிப்பிடித்து, ஒவ்வொரு பெயரையும் அவர்கள் உச்சரிப்பதைக் கேட்டு எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

2025 ஜூலை 14 அன்று சராவதியின் மீது ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. அக்கரை மக்கள் அறுபது ஆண்டுகள் காத்துப் பெற்ற பாலம் அது. அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் போனோம். பஸ் சில நிமிடங்களில் நீரைத் தாண்டிவிட்டது. என் மனைவி சில்லறை எடுப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. பின் இருக்கையில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையுடன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவர் சொன்ன ஊரின் பெயரைக் கண்டக்டரிடம் கூறி, அது எங்கே வரும் என்று கேட்டேன். அவர் தம் டிக்கெட் கருவியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நிறுத்தம் இல்லை, ஸார் என்றார். சிகந்தூருக்கே இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டோம்.